குறை எழுதாத சிவப்பு டேக்

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். குறையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதுவேன் என நினைத்துத்தான் கேட்டிருப்பார்கள். அதற்கு உங்களுக்கு டிரெய்னிங் இருக்கிறது, பூதக்கண்ணாடி இருக்கிறது, சத்தம் போட ஒரு சூப்பர்வைசரும் இருக்கிறார். நான் எழுதப் போவது வேலை இல்லாமல் இருந்த ஐந்து மாதத்தைப் பற்றி. இந்த ஒரகடம் ரோட்டில் பிழைக்க வந்த எல்லோருக்கும் அப்படி ஒரு ஐந்து மாதம் என்றைக்காவது வரும். எனக்கெல்லாம் வராது என்று சொல்பவர், லைன் மூடி இன்னும் பார்க்காதவர்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் சாமி வரும். நான் கிறிஸ்தவள். உங்களில் பாதிப் பேருக்கு வேறு சாமி, சிலருக்குச் சாமியே கிடையாது. யாரையும் மாற்றுவதற்கு இதை நான் எழுதவில்லை. ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியது எதுவோ அதை மறைத்துவிட்டு எழுதினால் அது பொய் ரிப்போர்ட். பொய் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்போது எனக்கு நாற்பத்துநான்கு வயது. காருக்குள் ஓடுகிற வயர்க் கட்டுகளைச் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்டர். ஆர்டர் வேறு மாநிலத்துக்குப் போனது, எங்கள் லைனை மூடினார்கள். ஒரு மத்தியானம் கேன்டீனில் உட்கார வைத்துச் சொன்னார்கள், சாயங்காலம் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். எங்காவது பேக்கிங்கில் ஹெல்பராகப் போயிருந்தால் மறுநாளே வேலை கிடைத்திருக்கும். எனக்கு அது வேண்டாம். எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்தான் வேண்டும். அந்த டேபிளுக்குத் திரும்பிப் போக முடியுமா முடியாதா என்பதுதான் ஐந்து மாதமும் என் தொண்டையில் முள்ளாக நின்ற கேள்வி.

வெளியே சொல்லி அழுதிருந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும். சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

படப்பையில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில், தகர ஷீட் போட்ட ஹாலில் எங்கள் சபை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போல தெற்கத்திக்காரர்கள். ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கிக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிற பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்போது அவரவர் ஜெபக் குறிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். வேலைக்கான சீட்டுகள் எல்லாம் என் கைக்கு வரும். பெயரையும் போகப்போகிற இன்டர்வியூவையும் சத்தமாக வாசித்து ஜெபம் பண்ணுவது என் பொறுப்பு. அடுத்த ஞாயிறு அவர்களில் ஒருவர் முன்னால் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்வார். ஹாலே கைதட்டும். எனக்கு ‘வேலை அக்கா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரில் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை என்று கேட்காதீர்கள், இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்படிப்பட்ட வேலை அக்காவுக்கே வேலை இல்லை என்றால்? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னேன். அவர் லாரியில் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருவார், போனிலேயே சொன்னேன். சபையில் மூச்சு விடவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்கு அதே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினேன். நடுவில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வாலாஜாபாத் என்று கேட் கேட்டாக நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்றவர்களின் வேலைக்காக ராகம் போட்டு ஜெபம் பண்ணினேன். என் பெயரை ஒரு சீட்டில் எழுத எனக்குக் கை வரவில்லை.

முதல் மாதம் தெம்பாகத்தான் போனேன். பதினோரு வருட அனுபவம் என்று சொல்லும்போது குரல் கணீரென்று வரும். இன்டர்வியூ பண்ணுகிற பையன் என் பிறந்த வருடத்தைப் பார்ப்பான், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான், “சரிங்க மேடம், போன் பண்றோம்” என்பான். போன் வராது. மூன்றாவது மாதத்தில் செக்யூரிட்டியிடம் பேசவே குரல் கம்மியது. நாலாவது மாதத்தில் அனுபவத்தை நானே குறைத்துச் சொல்லத் தொடங்கினேன். அனுபவம் குறைந்தால் வயதும் குறையுமா என்ன? ஆனால் பயந்த மூளை அப்படித்தான் கணக்குப் போடும்.

ஜெபமும் கோணிக்கொண்டு போனது. வாலாஜாபாத் பக்கத்து ஷேர் ஆட்டோ முதலில் வந்தால் அந்தப் பக்கத்துக் கம்பெனிதான் ஆண்டவருடைய சித்தம் என்று ரோட்டில் நின்று பந்தயம் கட்டினேன். எனக்கு வழிகாட்டுவதற்காக அவர் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த மாதிரி! வந்த ஆட்டோவில் ஏறினேன், போன கம்பெனியில் ஆளே எடுக்கவில்லை.

பிறகு வந்தது இதைவிடப் பெரிய கிறுக்கு. எங்கள் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. காரியம் தடைபட்டால், உனக்குள் ஏதோ ஒரு பாவம் மறைந்திருக்கிறது, உன்னை நீயே ஆராய்ந்து பார் என்பார்கள். சும்மாவே குறை தேடிச் சம்பளம் வாங்கியவள் நான். எனக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். மாமியாரிடம் எதிர்த்துப் பேசியது, ஆராதனையில் தூங்கியது, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக் கேட்காமல் கிள்ளியது வரைக்கும் நம்பர் போட்டு எழுதினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் லைனில் என்னோடு சண்டை போட்ட ஒரு பெண்ணுடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்.

“எந்தச் சண்டைக்கா?” என்றாள் அவள்.

“சண்டைக்கப்புறம் எல்லார்கிட்டயும் ஒன்னைய அரைவேக்காடுன்னு சொன்னேன்லா, அதுக்குத்தான்.”

“அது நீங்களா? நான் அந்தச் சூப்பர்வைசர்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!”

மன்னிப்புக் கேட்கப் போய் புதுச் சண்டையை இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். நோட்டில் நாற்பது குறைக்கு மேல் எழுதிவிட்டேன். எழுத எழுத, என்னைப் போல ஒருத்தியை எந்தக் கம்பெனிதான் எடுக்கும் என்று எனக்கே தோன்றிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன், பிள்ளைகளே, வேலை போனபோதுகூட நான் அப்படி உடையவில்லை.

அப்படி ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு, ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் பாஸ்டர் கண்ணில் மாட்டிக்கொண்டேன். பாஸ்டர் என்றதும் வெள்ளை உடுப்பில் ஒரு பெரியவரை நினைக்காதீர்கள். குன்றத்தூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வாரத்தில் ஆறு நாள் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஞாயிறு மட்டும்தான் பிரசங்கம். ஆரஞ்சு நிறச் சட்டையோடு டீக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“இன்னா சிஸ்டர், டூட்டி நேரத்துல இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. டீக்கடை என்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லைன் மூடியது, மறைத்தது, ஷேர் ஆட்டோ, நோட்டு எல்லாம். பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தும் காட்டினேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார். கறிவேப்பிலைக்கு வந்ததும் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“சிரிக்காதீங்க பாஸ்டர். ஆண்டவர் என்னைய ரிஜெக்ட் பண்ணிட்டாருன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன்.”

அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். “ஒன்னு கேக்கறேன் சிஸ்டர். எனக்கு உங்க வேல தெரியாது. ஆனா நான் தூக்கினு போற பெட்டில செவப்பு டேக் பாத்துக்கீறேன். அத ஒட்டறதுக்கு இன்னா ரூல்?”

“தள்ளுன பீஸுக்குத்தான் செவப்பு டேக். அதுல குறை என்னன்னு எழுதணும். எந்த எடம், என்ன குறை, யாரு பாத்தது, எல்லாம் எழுதணும்.”

“ஒன்னும் எழுதாம சும்மா செவப்பு மட்டும் ஒட்டினா?”

“அது செல்லாது. அந்த டேக்கக் கிழிச்சிட்டு பீஸ லைன்ல திரும்ப விட்டுருவோம்.”

“அஞ்சு மாசத்துல எந்தக் கம்பெனியாவது உங்க வேலைல இன்னா குறைன்னு எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல.”

“ஆண்டவரு?”

நான் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

“நோட்டுல கீறது எல்லாம் உங்க கையெழுத்து. அவரு கையெழுத்து ஒன்னுகூட இல்ல. கறிவேப்பிலைக்காவ உங்க வேலையப் புடுங்கற ஆளா அவரு? அப்படிப்பட்டவர்கிட்டவா நாம ஞாயித்துக்கெழம பாட்டு பாடிக்கினு கீறோம்?” டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். “பிரேக் முடிஞ்சிச்சு. அந்த டேக்கக் கிழிங்க சிஸ்டர். எங்க ஒட்டினு கீதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

என் விசுவாசம் நான் பிறந்ததிலிருந்து இருக்கிறது. ஆனால் அதை ஒரு இன்ஸ்பெக்டராக நின்று யோசித்தது அன்றைக்குத்தான். என்னைப் படைத்தவர் நான் உதவாதவள் என்று எங்கும் சொல்லவில்லை. நேரமில்லாத நாலு பையன்கள் என் பிறந்த வருடத்தைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். அதற்கு ஆண்டவருடைய முத்திரையைக் குத்தியது நான். நோட்டைக் கிழித்து டீக்கடை அடுப்பில் போடலாம் என்று எழுந்தேன். கடைக்காரர் கேஸ் அடுப்பு வைத்திருந்தார். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ. கனெக்டர் செய்கிற கம்பெனி. வயர்களைக் காரில் கொண்டுபோய்ச் செருகுகிற பிளாஸ்டிக் தலை இருக்கிறதே, அதுதான். ஆறு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் டிப்ளமா முடித்த பிள்ளைகள், ஊரில் படிக்கிற என் மகன் வயது. எல்லோருக்கும் ஆளுக்கொரு ட்ரே. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு கனெக்டர். குறை உள்ளதைக் கண்டுபிடித்து எழுதுங்கள், கால் மணி நேரம் என்றார் குவாலிட்டி மேனேஜர்.

பன்னிரண்டையும் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. திரும்பவும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வியர்க்கத் தொடங்கியது. டெஸ்ட் என்று வைத்துவிட்டு குறையே இல்லாத பீஸையா கொடுப்பார்கள்? பக்கத்தில் ஐந்து பேனாவும் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏழாவது பீஸ் மட்டும் நிறத்தில் ஒரு சாயல் வெளுத்த மாதிரி இருந்தது. நிற மாற்றம் என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும், ஷீட் காலியாக இருக்காது. பேனாவை ஊன்றிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டவரே, என் கண்ணை நான் நம்பணும், எனக்குத் தைரியம் கொடும் என்று மனதுக்குள் கேட்டேன். ஐந்து மாதத்தில் வேலையைக் கேட்காமல் நான் பண்ணிய முதல் ஜெபம் அதுதான். எழுதுவதற்கு என்னிடம் குறை இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

மேனேஜர் ஷீட்டைப் பார்த்தார். “என்னம்மா, காலியா இருக்கு?”

“எல்லாம் நல்ல பீஸ் சார்.”

“மத்த அஞ்சு பேரும் எழுதியிருக்காங்களே. இன்னொரு தடவ பாருங்க.”

இன்னொரு தடவை பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலேயே நின்றார். அந்த ஐந்து பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள்.

“பாத்துட்டேன் சார். ஏழாவது கொஞ்சம் வெளுத்திருக்கு. ஆனா எவ்வளவு வெளுப்பு வரைக்கும் ஒத்துக்கிடலாம்னு உங்ககிட்ட ஒரு மாதிரி பீஸ் வச்சிருப்பீங்க. அதக் காட்டுங்க. அதத் தாண்டியிருந்தா எழுதுதேன். இல்லாட்டி நல்ல பீஸுக்கு நான் செவப்பு டேக் ஒட்ட மாட்டேன்.”

“நிச்சயமாவா சொல்றீங்க?”

“நிச்சயமாச் சொல்லுதேன் சார்.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “சரி, போன் பண்றோம்” என்றார். ஐந்து மாதமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே வார்த்தை. ஆனால் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. பக்கத்துக் கடையில் நாலு இட்லியும் ஒரு வடையும் வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு என் கண் திரும்பக் கிடைத்திருந்தது.

அந்தக் கம்பெனியிலிருந்து பத்து நாள் கழித்துப் போன் வந்தது. அங்கேதான் பதினான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றேன். எந்த ட்ரேயிலும் குறையே கிடையாது, நிச்சயமா என்று அழுத்திக் கேட்டால் மாற்றிச் சொல்கிற ஆளா என்று பார்ப்பதற்குத்தான் அந்த டெஸ்ட் என்று பிறகு மேனேஜரே சொன்னார். குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த ரோட்டில் ஏராளம். மேலே ஒருவர் நின்று முறைக்கும்போது, குறை இல்லை என்று சொல்கிறவர்தான் கிடைப்பதில்லை. உங்கள் வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பத்து நாளுக்கு நடுவில் நடந்த ஒன்றுக்காக.

நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. போன் இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. சாட்சி நேரத்தில் நான் எழுந்து முன்னால் போனேன். யாருக்கு வேலை கிடைத்தது என்று அறிவிக்கத்தான் வந்திருக்கிறேன் என நினைத்து ஜனங்கள் கைதட்டத் தயாரானார்கள்.

“எனக்கு அஞ்சு மாசமா வேலை இல்ல” என்றேன். “ஒங்ககிட்ட மறைச்சிட்டேன். வெக்கப்பட்டேன். ஆண்டவர் என்னையத் தள்ளிட்டாருன்னு நெனச்சேன். அவரு தள்ளல. இன்னும் வேலை கெடைக்கல, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா நான் நல்லா இருக்கேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க.”

தட்டத் தயாரான கைகள் மடியில் இறங்கின. வேலை கிடைக்காமல் ஒருவர் சாட்சி சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. பாஸ்டர் மட்டும் ஓரத்தில் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஒரு பெண் என் முந்தானையைப் பிடித்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்கும். முன்பு வாராவாரம் வருவாள், பிறகு இரண்டு மாதம் ஆளையே காணோம், அன்றைக்குத்தான் திரும்ப வந்திருந்தாள்.

“எனக்கும் இன்னும் கெடைக்கலக்கா” என்றாள்.

“ஒனக்கு நான் ஜெபம் பண்ணுனேனே. நீ வரலங்கவும், வேலை கெடச்சு ஞாயித்துக்கெழம டூட்டி போட்டுட்டாங்கன்னுல்லா நெனச்சேன்?”

“நீங்க பேர வாசிச்சா அடுத்த வாரமே கெடச்சிரும்னு சொல்லுவாங்கல்லாக்கா. எனக்கு நாலு தடவ வாசிச்சீங்க. அஞ்சாவது சீட்டு எழுத வெக்கமா இருந்துச்சு. எனக்கு விசுவாசம் இல்லன்னு நெனச்சிருவாங்கன்னு வரல. இன்னிக்கு ரூம்ல இருக்கப் பிடிக்காம வந்து பின்னால ஒக்காந்தேன்.”

என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கிடைத்தவர்கள் முன்னால் வந்து நின்றார்கள், அவர்களை எண்ணி நான் பெருமைப்பட்டேன். கிடைக்காதவர்கள் சத்தமில்லாமல் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களை நான் தேடவே இல்லை. நல்ல பீஸ்கள் என் கண்ணெதிரே வெளியே போயிருக்கின்றன, இன்ஸ்பெக்டராம் இன்ஸ்பெக்டர்!

“ஒன்ன மாதிரி வேற யாரும் நின்னுட்டாங்களா?” என்று கேட்டேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். “எங்க ஹாஸ்டல்ல மட்டும் மூணு பேருக்கா.”

நான் வீட்டுக்குப் போகவில்லை. உலையில் போட அரிசி களைந்து வைத்திருந்தேன், அது கிடக்கட்டும் என்று அவளையும் ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அந்த ஹாஸ்டலுக்குப் போனேன். பட்டப்பகலில் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். தட்டினேன். ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

“வேலை அக்கா, நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். எனக்கு இன்னும் வேலை...”

“எனக்கும்தான் இல்ல” என்றேன். “நகரு, உள்ள வாரேன்.”